சலுகை சிலருக்கு, இலவசம் சிலருக்கு, கடன் எல்லோருக்கும்!

பட்ஜெட் வரும் பிப்ரவரியிலும், தேர்தல் வரும் மாதங்களிலும் நாட்டில் ஒரு சண்டை தவறாமல் நடக்கிறது. வரியைக் குறைத்தால்தான் தொழில் வளரும், வேலை பெருகும். இலவசங்களால் கஜானா காலியாகிறது என்பது ஒரு சாராரின் வாதம். பெரிய கம்பெனிகளுக்கு வரியைத் தள்ளிக் கொடுத்துவிட்டு, ஏழைக்குப் போடும் பிடி அரிசியை இலவசம் என்று இழிவு பேசுகிறார்கள் என்பது மறு சாராரின் வாதம். ஆட்சி மாறினால் வாதங்களும் இடம் மாறிக்கொள்கின்றன. எந்த ஆட்சியிலும் மாறாமல் வளர்வது ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பெயர் கடன்.

இந்தச் சண்டை டில்லியில் நடக்கும் பெரிய மனிதர்களின் சண்டை என்று சிவாஜிநகர் டீக்கடையிலோ, ஸ்ரீராமபுரம் ஒண்டுக் குடித்தனத்திலோ இருப்பவர்கள் ஒதுக்கிவிட முடியாது. வரிச் சலுகையில் பங்கு பெறாமல், சமூக நலத் திட்டத்திலும் பங்கு பெறாமல், கடனுக்கான வட்டியை மட்டும் தவறாமல் கட்டுகிற கூட்டம் ஒன்று உண்டு. வெளி மாநிலத்தில் பிழைக்கும் தொழிலாளிகளே அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர். ஆகவே கணக்கை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அவசியம்.

ரூபாய் எங்கிருந்து வருகிறது?

மத்திய அரசின் 2025-26ஆம் ஆண்டு பட்ஜெட்டை எடுத்துக்கொள்வோர் முதலில் பார்க்க வேண்டியது, ஒரு ரூபாய் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று அரசே வெளியிட்ட பட்டியலைத்தான். அதன்படி வருகிற ஒரு ரூபாயில் 24 காசு கடன். வருமான வரி 22 காசு. ஜி.எஸ்.டி. 18 காசு. கம்பெனிகள் கட்டும் வரி 17 காசு. மீதி சுங்கம், எக்சைஸ், பிற வரவுகள்.

போகிற ரூபாயில் மாநிலங்களின் வரிப் பங்கு 22 காசு. அடுத்த பெரிய செலவு, பழைய கடன்களுக்கு வட்டி, 20 காசு. ராணுவத்துக்கு 8 காசு. உணவு, உரம் முதலிய முக்கிய மானியங்களுக்கு 6 காசு. ஓய்வூதியத்துக்கு 4 காசு.

இதில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. 24 காசு புதுக்கடன் வாங்கி, 20 காசு பழைய கடனுக்கு வட்டி கட்டப்படுகிறது. குடும்பத்தில் ஒருவர் இப்படிச் செய்தால், கைமாற்று வாங்கி வட்டி கட்டுகிறான், இவன் எப்போது முன்னேறுவான் என்று ஊர் கேட்கும். இரண்டாவது, தனி மனிதர்கள் கட்டும் வருமான வரி, கம்பெனிகள் கட்டும் வரியைத் தாண்டிவிட்டது. 2018-19இல் கம்பெனி வரிதான் அதிகமாக இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

தொகையாகப் பார்த்தால், அந்த ஆண்டு வட்டிக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது ரூ.12.76 லட்சம் கோடி. மத்திய அரசின் கைக்கு வரும் நிகர வரி வருவாய் என்று மதிப்பிடப்பட்டது ரூ.28.37 லட்சம் கோடி. அதாவது மாநிலப் பங்கு போக மத்திய அரசுக்கு மிஞ்சும் வரிப் பணம் 100 ரூபாயில் 45 ரூபாய் வட்டிக்கே போகிறது. சாலை, ரயில் பாதை, பாலம் என்று நிலையான சொத்துகளைக் கட்ட ஒதுக்கிய தொகை ரூ.11.21 லட்சம் கோடி. வட்டி அதைவிடவும் பெரிது.

வரிக் குறைப்பின் வாதம்

வரியைக் குறைக்க வேண்டும் என்பவர்களின் பேச்சில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1973-74இல் மிக உயர்ந்த வருமானத்துக்குச் சர்சார்ஜ் சேர்த்து 97.75 சதவிகிதம் வரி இருந்தது. நூறு ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்தால் கையில் நிற்பது இரண்டே கால் ரூபாய். எவன் உண்மைக் கணக்குக் காட்டுவான்? கறுப்புப் பணம் கொழிப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று கண்டு, 1974இலேயே அது 77 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. 1997இல் ப.சிதம்பரம் நிதி மந்திரியாக இருந்தபோது 10, 20, 30 சதவிகிதம் என்று மூன்றே படிகளாக வைத்தார். காங்கிரஸ் ஆட்சியும் குறைத்தது, கூட்டணி ஆட்சியும் குறைத்தது. நேர்மையாகக் கட்டுகிறவனை நசுக்காத வரி வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் பெரிய வேற்றுமை இருந்ததில்லை.

சர்ச்சை வந்தது 2019 செப்டம்பர் 20ஆம் தேதி அறிவிப்பில். சலுகைகள் எதையும் கோராத கம்பெனிகளுக்கு அடிப்படை வரி 30 சதவிகிதத்திலிருந்து 22 சதவிகிதமாகவும், புதிதாகத் தொடங்கும் உற்பத்தித் தொழிற்சாலைகளுக்கு 15 சதவிகிதமாகவும் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு ரூ.1.45 லட்சம் கோடி வருவாய் இழப்பு என்று அரசே அப்போது மதிப்பிட்டது. முதலாளிகள் அந்தப் பணத்தைப் போட்டு ஆலை கட்டுவார்கள், வேலை கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு.

நடந்தது என்ன? 2018-19இல் ரூ.6.63 லட்சம் கோடியாக இருந்த கம்பெனி வரி வசூல், 2019-20இல் ரூ.5.57 லட்சம் கோடியாக இறங்கியது. பிறகு கொரோனா வந்து எல்லாக் கணக்கையும் குழப்பியது. 2023-24இல் வசூல் ரூ.9.11 லட்சம் கோடியை எட்டிவிட்டது. "பார்த்தீர்களா, வரியைக் குறைத்தும் வசூல் உயர்ந்தது" என்று ஆளும் தரப்பு சொல்கிறது. "லாபம் உயர்ந்ததால் வசூல் உயர்ந்தது, பழைய விகிதம் இருந்திருந்தால் இன்னும் உயர்ந்திருக்கும்" என்று எதிர்த் தரப்பு சொல்கிறது. இரண்டிலும் உண்மை இருக்கிறது.

ஆனால் தொழிலாளி கேட்க வேண்டிய கேள்வி வசூலைப் பற்றியது அல்ல, வேலையைப் பற்றியது. அதற்கான பதிலை எதிர்க்கட்சியிடம் தேட வேண்டாம். 2024 ஜூலையில் மத்திய அரசே நாடாளுமன்றத்தில் வைத்த பொருளாதார ஆய்வறிக்கையில் இருக்கிறது. 2019-20க்கும் 2022-23க்கும் இடையே கம்பெனிகளின் வரிக்கு முந்திய லாபம் ஏறக்குறைய 4 மடங்காயிற்று. ஆள் எடுப்பதும் சம்பளம் உயர்த்துவதும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை என்று அந்த அறிக்கை குறைப்பட்டுக்கொண்டது. கொடுத்த சலுகை லாபமாக நின்றது. பீன்யாவிலோ ஓசூரிலோ எதிர்பார்த்த அளவுக்கு வேலையாக மாறவில்லை என்றுதான் இதற்குப் பொருள் கொள்ள வேண்டும்.

அடுத்து 2025 பிப்ரவரி 1ஆம் தேதி பட்ஜெட். புதிய முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை என்றும், சம்பளக்காரர்களுக்கு நிலையான கழிவையும் சேர்த்து 12.75 லட்சம் வரை இல்லை என்றும் அறிவிக்கப்பட்டது. இதனால் அரசுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ.1 லட்சம் கோடி குறையும். குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் மகிழ்ந்தார்கள். மகிழ்ந்ததில் தவறில்லை. விலைவாசி ஏறிக்கொண்டே போகையில் வரியின் படியும் ஏறத்தான் வேண்டும்.

ஆயினும் ஒரு கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 12 லட்சம் வருமானம் உள்ளவருக்கு இந்த மாற்றத்தால் கிடைத்த லாபம் ஆண்டுக்கு ரூ.80,000 என்று நிதி மந்திரியே சபையில் கூறினார். கர்நாடகத்தில் 2023 ஆகஸ்டில் தொடங்கிய கிருகலட்சுமி திட்டத்தில் ஒரு குடும்பத் தலைவிக்குக் கிடைப்பது மாதம் ரூ.2,000, ஆண்டுக்கு ரூ.24,000. முதலாவதற்குப் பெயர் நிவாரணம். இரண்டாவதற்குப் பெயர் இலவசம்.

முதலாவது அவர் உழைத்துச் சம்பாதித்த பணம், அரசு எடுக்காமல் விட்டது. இரண்டாவது அரசு எடுத்துக் கொடுத்தது, இரண்டும் ஒன்றாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. உரிமையில் வித்தியாசம் உண்டு. ஆனால் கஜானாவின் கணக்கில் வித்தியாசம் இல்லை. வராத ரூபாயும் போன ரூபாயும் ஒரே பள்ளத்தைத்தான் தோண்டுகின்றன. அந்தப் பள்ளம் கடனால் நிரப்பப்படுகிறது. மாதம் 18,000 ரூபாய் வாங்கும் செக்யூரிட்டிக்காரர் முன்பும் வருமான வரி கட்டவில்லை. ஆகையால் 12 லட்சம் அறிவிப்பால் அவருக்குக் காலணா லாபமில்லை. கடனில் மட்டும் அவருக்கும் பங்கு உண்டு.

மண்குடமும் பொன்குடமும்

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். சமூக நலச் செலவு விஷயத்தில் கட்சிகளின் நடத்தைக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி கிடையாது.

2022 ஜூலை 16ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தில் ஒரு விரைவுச் சாலையைத் திறந்து வைத்த பிரதமர் மோடி, வாக்குக்காக இலவசங்களை வாரி இறைப்பதை 'ரேவடி கலாசாரம்' என்று சாடினார். ரேவடி என்பது வடக்கே எள்ளும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் மிட்டாய். அடுத்த ஆண்டே அவருடைய கட்சி ஆண்ட மத்தியப் பிரதேசத்தில் பெண்களுக்கு மாதம் ரூ.1,000 கொடுக்கத் தொடங்கி, தேர்தலுக்குள் அதை ரூ.1,250 ஆக்கினார்கள். 2024இல் மகாராஷ்டிரத்தில் அந்தக் கட்சி இடம் பெற்ற கூட்டணி ஆட்சி மாதம் ரூ.1,500 கொடுத்துத் தேர்தலில் வென்றது. வென்ற பிறகு தகுதியில்லாதவர்கள் என்று பெயர்களைச் சலித்து நீக்கத் தொடங்கியது. 2025 செப்டம்பர் 26ஆம் தேதி, பீகார் தேர்தலுக்குச் சற்று முன், 75 லட்சம் பெண்களுக்குத் தலா ரூ.10,000 அனுப்பும் திட்டத்தைப் பிரதமரே தொடங்கி வைத்தார்.

மறுபுறம் காங்கிரஸின் நடத்தையும் இதற்குக் குறைந்ததல்ல. ஜி.எஸ்.டி. ஏழையைப் பிழியும் வரி, அதைக் குறையுங்கள் என்று பல ஆண்டுகள் முழங்கினார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவிகிதப் படிகள் எடுக்கப்பட்டு, சோப்பு, பற்பசை, தலை எண்ணெய் ஆகியவற்றின் வரி 18லிருந்து 5 சதவிகிதமானது. உடனே அவர்கள் ஆளும் மாநிலங்களும், மற்ற எதிர்க்கட்சி மாநிலங்களும், எங்கள் வருவாய் இழப்பை யார் ஈடுசெய்வது என்று கேட்டன. கேட்டது நியாயம்தான். ஆனால் வரியைக் குறைக்கச் சொன்னபோதும் இந்தக் கணக்கு இருந்தது அல்லவா?

இமாசலப் பிரதேசத்தின் அனுபவம் எல்லா மாநிலங்களுக்கும் ஒரு பாடம். அங்கே காங்கிரஸ் ஆட்சி 2023இல் அரசு ஊழியர்களுக்குப் பழைய ஓய்வூதியத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. வருவாய் குறைந்த மலை மாநிலம். பழைய கடனும் சேர்ந்துகொண்டது. 2024 ஆகஸ்டு இறுதியில் முதல்வரும் மந்திரிகளும் தங்கள் சம்பளத்தைத் தள்ளிவைக்க நேர்ந்தது. செப்டம்பரில் ஊழியர்களுக்கு 1ஆம் தேதி வர வேண்டிய சம்பளம் 5ஆம் தேதிதான் வந்தது. ஓய்வூதியம் 10ஆம் தேதி வந்தது. கொடுக்கிறோம் என்று சொல்வது எளிது. மாதா மாதம் கொடுப்பதற்கு வருமானம் வேண்டும்.

இந்த இடத்தில் குமாஸ்தாக்களும் கொஞ்சம் கண்ணாடி பார்த்துக்கொள்வது நல்லது. 2004 ஜனவரி 1க்குப் பிறகு மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. 25 ஆண்டு சேவை முடித்தவர்களுக்குக் கடைசி ஓராண்டு அடிப்படைச் சம்பளத்தின் சராசரியில் பாதி என்று உறுதி தரும் புதிய ஏற்பாடு 2025 ஏப்ரலில் வந்தது. இதற்காகப் போராடியது அவர்கள் உரிமை. ஆனால் காலையில் ஓய்வூதியக் கோரிக்கைக் கூட்டத்தில் கை உயர்த்திவிட்டு, மாலையில் பஸ்ஸில் இலவசமாக ஏறும் கட்டட வேலைக்காரியைப் பார்த்து 'இவர்களால்தான் நாடு கெட்டது' என்று முணுமுணுப்பது பொருந்தாது. தனக்குக் கிடைத்தால் உரிமை, அடுத்தவனுக்குக் கிடைத்தால் இலவசம் என்ற மனப்பான்மை கட்சிகளுக்கு மட்டும் சொந்தமானது அல்ல.

எல்லாச் செலவும் வீண் செலவா?

அதே சமயம், ஏழைக்குச் செய்யும் செலவெல்லாம் கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது போல என்று பேசுவதும் தவறு. தமிழ்நாட்டில் காமராஜர் 1956இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவைப் பரவலாக்கியபோதும், எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கியபோதும் பணம் எங்கே என்று கேட்டவர்கள் உண்டு. 1995இல் மத்திய அரசே நாடு தழுவிய மதிய உணவுத் திட்டத்தை எடுத்துக்கொண்டது. 2001இல் சமைத்த உணவே தர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. பள்ளிக்கு வந்த பிள்ளை பிற்காலத்தில் சம்பாதித்து வரி கட்டுகிறது. அந்தச் செலவு முதலீடு.

இதே தமிழ்நாட்டில் 2006இல் இலவச கலர் டெலிவிஷனும், 2011இல் மிக்சி, கிரைண்டரும் வாக்குறுதிகளாயின. அவற்றை எதிர்த்த வழக்கில் 2013 ஜூலையில் தீர்ப்புச் சொன்ன சுப்ரீம் கோர்ட், தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி அளிப்பது சட்டப்படி ஊழல் குற்றமாகாது என்றது. ஆனால் இத்தகைய வாக்குறுதிகள் தேர்தலின் நேர்மையைப் பாதிக்கின்றன என்றும் சொல்லி, தேர்தல் கமிஷன் விதி வகுக்க வேண்டும் என்றது. சத்துணவையும் டெலிவிஷனையும் ஒரே தராசில் போட்டு 'இலவசம்' என்று எடைபோடுகிறவர்கள், ஆலை கட்டும் கம்பெனிக்குக் கொடுக்கும் சலுகையையும், லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் கம்பெனிக்குக் கொடுக்கும் சலுகையையும் ஒரே தராசில் போடுகிறவர்களைப் போன்றவர்களே. கொடுத்த பணம் பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் சரியான அளவுகோல்.

கடனையும் அப்படியே பார்க்க வேண்டும். கடனே கூடாது என்பது குடும்பத்துக்கும் பொருந்தாது, நாட்டுக்கும் பொருந்தாது. கடன் வாங்கிப் பாதை போட்டால், அதில் ரயில் ஓடி வருமானம் வரும். இந்திய அரசின் கடனில் மிகப் பெரும் பகுதி உள்நாட்டில், ரூபாயில் வாங்கியது. பாங்குகளும், எல்.ஐ.சி.யும், தொழிலாளிகளின் பிராவிடண்ட் பண்டும் கடன் கொடுத்தவர்களில் அடக்கம். ஆகவே நாளைக்கே நாடு திவாலாகிவிடும் என்று பயமுறுத்துவது பொய்.

ஆனால் வரம்பு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் உதாரணங்கள் உண்டு. இலங்கையில் 2019 டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரியை 15லிருந்து 8 சதவிகிதமாக ஒரேயடியாகக் குறைத்தார்கள். அடுத்து வந்த கொரோனாவில் சுற்றுலா வருமானம் நின்றது. வெளிநாட்டுக் கடன் கழுத்தை நெரித்தது. 2022 மார்ச்சில் பசி தாங்காமல் தமிழ்க் குடும்பங்கள் படகேறித் தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கின. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அந்த அரசே கைவிரித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பிரிட்டனில் வரவுக்கு வழி சொல்லாமல் பெரும் வரிக் குறைப்பை அறிவித்த பிரதமர் லிஸ் டிரஸ், பவுன் மதிப்பு சரிந்து வட்டி ஏறியதில் ஒரு மாதத்துக்குள் ராஜிநாமாவை அறிவிக்க வேண்டியதாயிற்று. வரம்பில்லாத செலவு மட்டுமல்ல, வரம்பில்லாத வரிக் குறைப்பும் அரசுகளைக் கவிழ்க்கும்.

இங்கே வரம்பு இல்லாமல் இல்லை. 2003இல் நிதிப் பொறுப்புச் சட்டம் வந்தது. 2018இல் அதைத் திருத்தி, மத்திய அரசின் கடன் 2024-25க்குள் நாட்டு உற்பத்தியில் 40 சதவிகிதத்துக்குள் வர வேண்டும் என்று எழுதினார்கள். கொரோனா ஆண்டான 2020-21இல் பற்றாக்குறை மட்டுமே 9.2 சதவிகிதத்தைத் தொட்டது. 2025-26இலும் கடன் 56.1 சதவிகிதமாக இருக்கும் என்று பட்ஜெட் மதிப்பிட்டது. இப்போது 2031 மார்ச்சுக்குள் 50 சதவிகிதத்தை ஒட்டிக் கொண்டுவருவது என்று குறியையே மாற்றிவிட்டார்கள். பந்தயத்தில் ஓட முடியாதபோது எல்லைக் கோட்டைத் தள்ளிப்போடுவது போலத்தான் இது.

நடுவில் நிற்கும் தமிழன்

இந்தச் சண்டையில் வெளியூர்த் தமிழன் நிற்கும் இடம் எது?

ஜி.எஸ்.டி. என்பது பொருளை வாங்கும் இடத்துக்குச் சேரும் வரி. பெங்களூரில் ஒரு தமிழ்த் தொழிலாளி சோப்பு வாங்கினாலும், செருப்பு வாங்கினாலும், மொபைலுக்கு ரீசார்ஜ் செய்தாலும், அந்த வரியில் பாதி மத்திய அரசுக்கு, பாதி கர்நாடகத்துக்கு. தருமபுரிக்கோ திருவண்ணாமலைக்கோ அதில் நேரடிப் பங்கு இல்லை. ஆக, வரி கட்டுவதில் அவர் முழுக் கன்னடியர்.

ஆனால் திட்டங்களின் பலன் வரும்போது அவர் வெளியூர்க்காரர் ஆகிவிடுகிறார். கர்நாடகத்தின் சக்தி திட்டத்தில் 2023 ஜூன் 11 முதல் பெண்களுக்குச் சாதாரண அரசு பஸ்களில் கட்டணமில்லை. ஆனால் கர்நாடக விலாசம் உள்ள அடையாள அட்டை வேண்டும். கிருஷ்ணகிரி விலாசத்தோடு ஆதார் வைத்துக்கொண்டு கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண் டிக்கெட் வாங்கியே தீர வேண்டும். 2025 ஜனவரி 5 முதல் அங்கே பஸ் கட்டணம் 15 சதவிகிதம் உயர்ந்தது. அதற்கு முன் 2024 ஜூனில் பெட்ரோல் விற்பனை வரி உயர்ந்து லிட்டருக்கு ஏறக்குறைய 3 ரூபாய் ஏறியது. உயர்வு முழுவதும் அவர் தலையில். சலுகை மட்டும் இல்லை. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி என்று பெயர் இருந்தால்தான் கிருகலட்சுமி. கார்டு ஊரில் இருக்கிறது.

அப்படியானால் ஊரில் பலன் கிடைக்கிறதா என்றால் அதுவும் அரைகுறைதான். தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அடையாள அட்டை கூடக் கேட்பதில்லை. ஆனால் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் ஊர் போகிறவருக்கு அது எத்தனை நாள் பயன்படும்? ஒரே நாடு ஒரே ரேஷன் ஏற்பாட்டால் மத்திய அரசின் தானியத்தை எங்கும் வாங்கலாம் என்று 2022க்குள் எல்லா மாநிலங்களிலும் வந்துவிட்டது. மாநில அரசு தன் பங்கில் சேர்த்துக் கொடுக்கும் பொருள்கள் எல்லை தாண்டி வருவதில்லை.

நல்ல உதாரணமும் இல்லாமல் இல்லை. 200 யூனிட் வரை மின்கட்டணம் இல்லாத கிருகஜோதி திட்டத்தில், சொந்த வீட்டுக்காரர் மட்டுமன்றி வாடகைக்குக் குடியிருப்பவரும் பதிவு செய்துகொள்ள வழி வைத்தார்கள். குடியிருப்பவனே பயனாளி, அவன் எந்த ஊரான் என்பது கேள்வியல்ல என்று ஒரு திட்டத்தில் முடியுமானால், மற்றவற்றிலும் முடியும்.

இந்த ஐந்து உத்தரவாதங்களுக்குக் கர்நாடகம் 2025-26இல் ஒதுக்கியது ஏறக்குறைய ரூ.51,000 கோடி, அந்த ஆண்டு மாநில பட்ஜெட்டின் மொத்தம் ரூ.4.09 லட்சம் கோடி. எட்டில் ஒரு பங்கு. சாலைக்கும் பள்ளிக்கும் பணமில்லை என்று பா.ஜ.க. குறை சொல்கிறது. மத்திய வரிப் பகிர்வில் எங்கள் பங்கை 4.713லிருந்து 3.647 சதவிகிதமாக 15ஆவது நிதிக் கமிஷன் குறைத்ததே காரணம் என்று, 2024 பிப்ரவரி 7ஆம் தேதி முதல்வர் சித்தராமையா டில்லிக்கே போய் ஆர்ப்பாட்டம் செய்தார். மாநிலங்களோடு பங்கிட வேண்டாத செஸ், சர்சார்ஜ் என்று மத்திய அரசு வசூலிப்பதும் அவர்கள் குறை. டில்லி பெங்களூரைக் குறை சொல்ல, பெங்களூர் டில்லியைக் குறை சொல்ல, இரண்டுக்கும் வரி கட்டும் தொழிலாளியைப் பற்றி இரண்டும் பேசுவதில்லை.

என்ன கேட்க வேண்டும்?

வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம், எந்தக் கொடியைப் பிடித்து வந்தாலும், நான்கு கேள்விகள் கேட்கலாம்.

ஒன்று: இலவசத்துக்குக் கணக்குக் கேட்பது போல வரிச் சலுகைக்கும் கணக்கு வேண்டும். சலுகைகளால் விட்டுக்கொடுத்த வருவாயைப் பட்டியலிடும் வழக்கம் 2006-07 பட்ஜெட்டிலிருந்து இருக்கிறது. இவ்வளவு விட்டோம் என்று சொன்னால் போதாது. அதனால் எத்தனை ஆலை வந்தது, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பலன் தராத சலுகை நிற்க வேண்டும்.

இரண்டு: வாக்குறுதி தருகிறவர் வரவையும் சொல்ல வேண்டும். 2022 அக்டோபரில் தேர்தல் கமிஷனே கட்சிகளுக்கு ஒரு படிவம் தயாரித்து, வாக்குறுதிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று நிரப்பச் சொல்லலாமா என்று யோசனை கேட்டது. அந்த யோசனையை வேண்டாம் என்று சொல்லும் கட்சி எதை மறைக்கிறது என்று கேட்க மக்களுக்கு உரிமை உண்டு.

மூன்று: கணக்கைச் சரிபார்க்க இரு தரப்பையும் சாராத ஓர் அமைப்பு வேண்டும். என்.கே.சிங் கமிட்டி 2017இலேயே சுதந்திரமான நிதிக் கவுன்சில் வேண்டும் என்றது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும். அளக்கிறவர், போடுகிறவராக இருக்கக் கூடாது.

நான்கு: வரி எங்கே கட்டப்படுகிறதோ அங்கே பலனும் கிடைக்க வேண்டும். மத்திய அரசின் அரிசி எல்லை தாண்டுகிறது என்றால், பஸ் சலுகையும் ஆஸ்பத்திரிச் சலுகையும் தொழிலாளி வேலை செய்யும் ஊரில் அவரைத் தேடி வர வழி செய்யலாம். இரு மாநிலங்களிலும் ஒரே ஆள் வாங்கிவிடக் கூடாது என்பது நியாயமான கவலை. ஆதார் எண்ணை வைத்து ஓரிடத்தில் மட்டும் என்று தடுப்பது பெரிய வித்தையல்ல. இதற்குத் தமிழ்ச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் இரு மாநில அரசுகளிடமும் மனுக் கொடுக்க வேண்டும். பொங்கல் விழாவுக்கு மந்திரியை அழைத்து மாலை போடுவதோடு கடமை முடிந்துவிடாது.

வரியைக் குறைப்பதா, நலத் திட்டத்தைக் கூட்டுவதா என்று கட்சிகள் அடித்துக்கொள்வதில் தவறில்லை, அதற்காகத்தான் தேர்தல். ஆனால் இரண்டையும் ஒன்றாகத் தருகிறோம், கடனும் ஏறாது என்று எவராவது சொன்னால், அவர் கணக்குத் தெரியாதவராக இருக்க வேண்டும், அல்லது கேட்பவருக்குக் கணக்குத் தெரியாது என்று நினைப்பவராக இருக்க வேண்டும். மாதச் சம்பளத்தில் வாடகை, ரேஷன், பள்ளிக் கட்டணம், சீட்டுப் பணம், ஊருக்கு மணியார்டர் என்று பைசா பைசாவாகப் பிரித்து வாழ்கிற தமிழ்க் குடும்பங்களுக்குக் கணக்குத் தெரியாது என்று எவரும் நினைத்துவிடக் கூடாது.